இரவில் வரும் புழுவுக்கு மூன்று மாத்திரை

யானைக்கால் நோய்க்கான ரத்தப் பரிசோதனையைப் பெரும்பாலும் பகலில் செய்வதில்லை. சுகாதாரப் பணியாளர்கள் இருட்டி வெகுநேரம் ஆன பிறகுதான் தெருவுக்குள் வருவார்கள். சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகிறவர்களைக் கூப்பிட்டு, விரல் நுனியில் ஊசியால் குத்தி, சில சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். "இதைப் பகலில் வந்து செய்யக் கூடாதா?" என்று முணுமுணுக்காத வீடு குறைவு. பகலில் செய்தால் பயனில்லை. இரவில் நூற்றுக்கணக்கில் புழுக்குஞ்சுகள் நெளியும் அதே ஆளின் ரத்தத்தை மதியம் எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் தகட்டில் ஒன்றுமே இருக்காது.

உச்செரேரியா பான்கிராஃப்டி என்ற புழு ஈனும் இந்தக் குஞ்சுகள் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் நீளமுள்ளவை. பகல் முழுக்க நுரையீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் ஒதுங்கிக் கிடக்கும். இரவு பத்து மணி வாக்கில் தோலுக்கடியில் ஓடும் ரத்தத்துக்கு வரத் தொடங்கும், நள்ளிரவை ஒட்டிக் கூட்டம் உச்சத்தை எட்டும், விடிவதற்குள் திரும்பிவிடும். நம் ஊர்ச் சாக்கடைகளில் பெருகும் குயூலெக்ஸ் கொசு கடிக்கும் நேரமும் அதுதான். சமோவா போன்ற தென்பசிபிக் தீவுகளில் இதே புழுவைப் பரப்புவது பகலில் கடிக்கும் ஏடிஸ் வகைக் கொசு. அங்கே குஞ்சுகள் பகலிலும் ரத்தத்தில் உலவுகின்றன. 1881-ல் லண்டனில் ஸ்டீபன் மெக்கென்சி என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பகலில் தூங்க வைத்து இரவில் விழித்திருக்கச் செய்தார். கொஞ்ச நாளில் புழுக்களும் தங்கள் நேரத்தைத் தலைகீழாக மாற்றிக்கொண்டன. ஆள் எப்போது உறங்குகிறார் என்பதை வைத்துத்தான் அவை வெளியே வருகின்றன.

இந்தப் புழுவுக்கும் கொசுவுக்கும் உள்ள உறவை முதலில் கண்டவர் பாட்ரிக் மேன்சன். சீனாவின் அமோய் துறைமுகத்தில் வேலை பார்த்த ஸ்காட்லாந்து மருத்துவர். 1877-ல் ஒரு நோயாளியைக் கடித்த கொசுக்களை அறுத்துப் பார்த்து, வயிற்றுக்குள் போன குஞ்சு அங்கே வளர்ந்து உருமாறுவதைக் கண்டார். கொசு மூலம் மலேரியா பரவுவதை ரொனால்ட் ராஸ் காட்டுவதற்கு இருபது ஆண்டுகள் முந்தைய சேதி இது. ஆனால் கதையின் பாதிதான் மேன்சனுக்குப் பிடிபட்டது. கொசு தண்ணீரில் விழுந்து சாகிறது, அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கு நோய் வருகிறது என்று அவர் நினைத்தார். கடிக்கும்போதே புழு உடலுக்குள் நுழைகிறது என்பது தெளிவாக 1900 வரை ஆனது.

குஞ்சுகளைப் பெற்ற புழுக்கள் ரத்தத்தில் இல்லை. அவை நிணநீர் நாளங்களில் குடியிருக்கின்றன. பெண் புழு எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் நீளம், தையல் நூல் போல மெலிசு. ஆண் அதில் பாதிகூட இருக்காது. ஆணும் பெண்ணும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஆறு முதல் எட்டு ஆண்டுகள் வாழ்ந்து, அந்தக் காலம் முழுக்க லட்சக்கணக்கில் குஞ்சு பொரிக்கின்றன. 1990-களில் பிரேசிலின் ரெசிஃபி நகர மருத்துவர்கள் நோயாளிகளின் விதைப்பையை அல்ட்ராசவுண்டில் பார்த்தபோது, நாளங்களுக்குள் உயிருள்ள புழுக்கள் ஓயாமல் துள்ளுவது திரையில் தெரிந்தது. 'ஃபைலேரியா நடனம்' என்றே அதற்குப் பெயரிட்டார்கள். அப்படி ஆடிக்கொண்டிருக்கும் புழுவைச் சுமப்பவருக்கு வலி, காய்ச்சல் எதுவும் இல்லாமலும் இருக்கலாம். நிணநீர் நாளம் மெல்ல விரிந்து பழுதாகிக் காலோ விதைப்பையோ வீங்க ஆண்டுகள் பிடிக்கும். அதற்குள் அவரைக் கடித்த கொசுக்கள் தெருவெல்லாம் நோயைப் பரப்பியிருக்கும்.

மருத்துவத்துக்குச் சிக்கல் இங்கேதான். ரத்தத்தில் மிதக்கும் குஞ்சைக் கொல்வது சுலபம். நிணநீர் நாளத்தில் கிடக்கும் தாயைக் கொல்வது கடினம். குஞ்சுகளை மட்டும் ஒழித்தால் சில மாதங்களில் தாய்ப்புழு மறுபடி ரத்தத்தை நிரப்பிவிடும். தாய் கிழடு தட்டிச் சாகும்வரை வருடாவருடம் குஞ்சுகளைத் துடைத்துக்கொண்டே இருப்பதைத் தவிர நெடுங்காலம் வேறு வழி இருக்கவில்லை.

துடைப்பதற்குக் கிடைத்த முதல் நல்ல மருந்து டையெத்தில்கார்பமசின். சுகாதார நிலையங்களில் டி.இ.சி. மாத்திரை என்பார்கள். அதன் பின்னால் இருப்பவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஒருவர். பீமவரத்தில் 1895-ல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கதராடை உடுத்திக் கல்லூரிக்கு வந்தவர். அறுவை சிகிச்சைப் பேராசிரியருக்கு அது பிடிக்காமல் போக, முழுப் பட்டத்துக்குப் பதில் அதைவிடக் குறைந்த சான்றிதழோடு வெளியேறியவர். அமெரிக்கா போய் ஹார்வர்டில் உழைத்து, பிறகு லெடர்லி நிறுவனத்தின் ஆராய்ச்சித் தலைவரானார். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் இறக்கப்பட்ட அமெரிக்க வீரர்களில் ஆயிரக்கணக்கானோருக்கு இந்தப் புழுத் தொற்று வந்திருந்தது. தங்கள் பையன்களுக்கு யானைக்கால் வந்துவிடுமோ என்று ஊரில் பதைப்பு. அந்த நெருக்கடியில் பிறந்த ஆராய்ச்சியின் பலனாக 1947-ல் ஹெட்ராசான் என்ற பெயரில் டி.இ.சி. வெளிவந்தது. அடுத்த ஆண்டே சுப்பாராவ் காலமானார். தான் படித்த ஊரின் தெருக்களிலும் அந்த மாத்திரை கோடிக்கணக்கில் விநியோகமாகப் போவதை அவர் பார்க்கவில்லை.

டி.இ.சி.யின் வேலை விசித்திரமானது. சோதனைக் குழாயில் குஞ்சுகளை இட்டு மருந்தைச் சேர்த்தால் அவை பெரிதாக அசைந்துகொடுப்பதில்லை. உடலுக்குள் போனாலோ சில மணி நேரத்தில் ரத்தம் சுத்தமாகிவிடுகிறது. மருந்து பெரும்பாலும் நேரடியாகக் கொல்வதில்லை. நம் உடலின் தற்காப்பு அணுக்களும் ரத்தத் தட்டணுக்களும் புழுவின் மேல் பாய வழிசெய்கிறது என்பதுதான் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது. ஆரம்பத்தில் பன்னிரண்டு நாள் தொடர்ந்து தந்தார்கள். ஒரே ஒரு வேளை கொடுத்தாலும் ஆண்டு முடிவில் பலன் ஏறக்குறைய அதேதான் என்று பிற்பாடு தெரிந்தது. வீடு வீடாகப் போய் ஆண்டுக்கு ஒருமுறை மாத்திரை கொடுக்கும் திட்டமெல்லாம் இந்தக் கண்டுபிடிப்பின் மேல் நிற்பவை. சீனா இன்னொரு வழியையும் பிடித்தது: சமையல் உப்பிலேயே டி.இ.சி.யைக் கலந்தது. யானைக்கால் நோயை ஒழித்த நாடாக 2007-ல் உலகிலேயே முதலில் அறிவிக்கப்பட்டதும் சீனாதான்.

இரண்டாவது மருந்தை வீட்டில் பிள்ளைகள் உள்ள எல்லோரும் பார்த்திருப்பார்கள். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் சப்பித் தின்னத் தரும் பூச்சி மாத்திரை, அல்பென்டசோல். 1970-களில் கால்நடைகளுக்காக வந்தது. புழுவின் உயிரணுக்களுக்குள் சாரம் கட்டியதுபோல் நிற்கும் நுண்குழல்கள் உருவாவதை இது தடுக்கிறது. சாரம் சரிந்தால் புழுவால் சர்க்கரையை உறிஞ்ச முடியாது. மெல்லப் பட்டினியில் சாகும். நம் உயிரணுக்களிலும் அதே போன்ற குழல்கள் உண்டு. ஆனால் அவற்றின் புரதம் சற்றே வேறுபட்டிருப்பதால் மருந்து அதில் அவ்வளவாக ஒட்டுவதில்லை.

யானைக்கால் புழுவுக்கு எதிராக அல்பென்டசோல் எவ்வளவு உதவுகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. டி.இ.சி.யோடு இதைச் சேர்ப்பதால் ரத்தத்திலுள்ள குஞ்சுகள் பெரிதாகக் குறைவதில்லை என்றே முறையான மதிப்பாய்வுகள் சொல்கின்றன. பிறகு ஏன் சேர்த்தார்கள்? ஒரு காரணம் அறிவியலைவிட மனிதர்களைப் பற்றியது. ரத்தத்தில் புழு செத்தால் கண்ணுக்குத் தெரியாது. அல்பென்டசோல் போட்ட மறுநாள் குழந்தை உருண்டைப்புழுவை வெளியேற்றினால் தாய் பார்க்கிறாள், பக்கத்து வீட்டுக்குச் சொல்கிறாள். அடுத்த ஆண்டு மாத்திரைக்காரர் வரும்போது கதவு திறக்கிறது. இது சிறிய விஷயமில்லை என்பேன்.

மூன்றாவது, ஐவர்மெக்டின். கொரோனா காலத்தில் தேவையில்லாமல் பெயர் அடிபட்ட அதே மருந்து. கோவிட்டுக்கு அது உதவாது என்று பெரிய ஆய்வுகள் முடிவு கட்டிவிட்டன. புழுக்களைப் பொறுத்தவரை அதன் பெருமை வேறு. ஜப்பானின் ஷிசுவோகா மாகாணத்தில் ஒரு கோல்ஃப் மைதானத்துக்கு அருகே எடுத்த மண்ணிலிருந்து சதோஷி ஓமுரா பிரித்த ஒரு பாக்டீரியா, அமெரிக்காவின் மெர்க் ஆய்வகத்துக்குப் போய், வில்லியம் கேம்ப்பெல் குழுவின் கையில் மருந்தானது. 2015-ல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்தார்கள். புழுவின் நரம்பிலும் தசையிலும் உள்ள ஒருவகைக் குளோரைடு வாசல்களை இது திறந்தபடியே வைத்துவிடும். புழு வாதம் வந்ததுபோல் முடங்கும். அந்த வாசல்கள் பாலூட்டிகளின் உடலில் இல்லை. 1987-ல் மெர்க் இந்த மருந்தை, இன்னொரு புழுவால் வரும் ஆற்றுக்குருடு நோய் உள்ளவர்களுக்குத் தேவைப்படும் காலம்வரை இலவசமாகத் தருவதாக அறிவித்து, சொன்னபடி தந்தும் வருகிறது.

ஆக, ஒன்று நம் தற்காப்பை ஏவுகிறது, ஒன்று புழுவின் உட்கட்டமைப்பைக் குலைக்கிறது, ஒன்று நரம்பை முடக்குகிறது. மூன்றும் கையில் இருந்தும் உலக சுகாதார நிறுவனம் 2000-ல் தொடங்கிய ஒழிப்புத் திட்டத்தில் நெடுங்காலம் எந்த நாட்டுக்கும் இரண்டுக்கு மேல் தரவில்லை. ஆசியாவில் டி.இ.சி.யும் அல்பென்டசோலும், ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியில் ஐவர்மெக்டினும் அல்பென்டசோலும். ஏன் இந்தப் பிரிவினை என்றால், ஆப்பிரிக்காவில் அதே உடலில் இன்னொரு புழுவும் குடியிருக்கலாம். ஆற்றுக்குருடு நோயைத் தரும் ஆன்கோசெர்கா புழுவின் குஞ்சுகள் தோலிலும் கண்ணிலும் வாழ்பவை. டி.இ.சி. கொடுத்தால் அவை ஒரேயடியாகச் சாகும். அந்த அழற்சியில் பார்வையே போகலாம். இந்தியாவிலும் இலங்கையிலும் அந்த நோய் கிடையாது. மருந்துக் கூட்டணியை முடிவு செய்வது வேதியியல் மட்டுமல்ல, நிலப்படமும்தான். ஒரு நாட்டில் நல்ல மருந்து, எல்லை தாண்டினால் கண்ணைப் பறிக்கும் மருந்து.

இந்த இரண்டு மாத்திரைத் திட்டத்தாலேயே வென்ற நாடுகள் உண்டு. இலங்கை 1947-லேயே யானைக்கால் ஒழிப்புக்கென்று தனி இயக்கம் கண்ட நாடு. மேற்கு, தெற்கு, வடமேற்கு மாகாணங்களில் 2002 முதல் 2006 வரை ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு மருந்தையும் கொடுத்து, பிறகு பத்தாண்டு கண்காணித்து, 2016-ல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றது. ஆனால் எல்லா இடத்திலும் ஐந்து சுற்றில் முடியவில்லை. இந்தியாவில் பத்துச் சுற்று தாண்டியும் நோய் அடங்காத மாவட்டங்கள் இருந்தன. ஆண்டுதோறும் ஒரே ஊருக்குப் போய், வலியே இல்லாதவர்களிடம் மாத்திரையை நீட்டினால் எத்தனை நாள் வாங்குவார்கள்?

டி.இ.சி. பாதுகாப்பான நாடுகளிலாவது மூன்றையும் ஒரே நேரத்தில் கொடுத்தால் என்ன என்ற கேள்வி அங்கேதான் எழுந்தது. பாப்புவா நியூ கினியில் நடந்த ஆய்வு 2018-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. பங்கேற்றவர்கள் 182 பேர்தான். அவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு மூன்று மருந்தும் சேர்த்து வாழ்நாளில் ஒரே ஒரு வேளை. இரண்டாவது குழுவுக்கு இரண்டு மருந்து ஒரே வேளை. மூன்றாவது குழுவுக்கு இரண்டு மருந்து ஆண்டுக்கு ஒருமுறையாக மூன்று ஆண்டு. பிறகு இரவுகளில் ரத்தம் எடுத்துக் குஞ்சுகளை எண்ணினார்கள்.

ஓராண்டு கழித்து, மூன்று மருந்து வாங்கிய 57 பேரில் 55 பேரின் ரத்தத்தில் ஒரு குஞ்சுகூட இல்லை. இரண்டு மருந்து ஒரு வேளை வாங்கிய 56 பேரில் அப்படிச் சுத்தமானவர்கள் 18 பேர். ஆய்வாளர்களை நிமிர்ந்து உட்காரவைத்தது மூன்றாம் ஆண்டுக் கணக்கு. மூன்று ஆண்டு முடிந்த பிறகும், ஒரே வேளை மருந்து தின்ற முதல் குழுவில் 96 சதவீதம் பேர் சுத்தமாகவே இருந்தார்கள். மூன்று ஆண்டும் மருந்து தின்ற குழுவுக்குச் சமமான பலன். தாய்ப்புழு ஆறு முதல் எட்டு ஆண்டு வாழக்கூடியது என்று பார்த்தோம். அது உயிரோடு, வளத்தோடு இருந்திருந்தால் மூன்றாண்டில் ரத்தம் மறுபடி நிறைந்திருக்க வேண்டும். நிறையவில்லை. மூன்று மருந்தும் சேர்ந்து தாயை மலடாக்கிவிட்டது, அல்லது கொன்றேவிட்டது. தனித்தனியாக எந்த மருந்தும் ஒரே வேளையில் இதைச் செய்ததில்லை.

அதற்குக் கூலியும் இருந்தது. மூன்று மருந்து வாங்கியவர்களில் காய்ச்சல், தலைவலி, உடல்வலி, கிறுகிறுப்பு அதிகம் பேருக்கு வந்தது. பெரும்பாலும் ஓரிரு நாளில் தானே தீர்ந்தது. இதில் ஒரு முரண் உண்டு: அந்தத் தொந்தரவு பெரும்பாலும் மருந்தால் வருவதில்லை, செத்த புழுக்கள் ரத்தத்தில் கரைவதால் வருவது. உடம்பில் புழு இல்லாதவர் மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போய்விடுவார். புழு நிறைய உள்ளவர்தான் படுப்பார். ஆனால் ஊரில் சேதி எப்படிப் பரவும் என்று சொல்லத் தேவையில்லை. "அவன் நல்லாத்தான் இருந்தான், மாத்திரை போட்டுத்தான் படுத்துட்டான்."

எனவே ஊர்முழுக்கக் கொடுக்கும் முன் பாதுகாப்பை உறுதி செய்ய வேண்டியிருந்தது. ஃபிஜி, ஹைதி, இந்தியா, இந்தோனேசியா, பாப்புவா நியூ கினி ஆகிய ஐந்து நாடுகளில் 26,836 பேரிடம் நடந்த ஆய்வில், மூன்று மருந்துக் கூட்டு இரண்டு மருந்தைப் போலவே தாங்கத்தக்கது என்று தெரிந்தது. இந்தியப் பகுதி ஆய்வு கர்நாடகத்தின் யாத்கிர் மாவட்டத்தில் நடந்தது. உலக சுகாதார நிறுவனம் 2017-லேயே இதைப் பரிந்துரைத்திருந்தது. சமோவா 2018-ல் நாடு முழுக்கக் கொடுத்தது. அதே ஆண்டு இறுதியில் பீகாரின் அர்வல் மாவட்டத்தில் இந்தியாவும் தொடங்கியது. கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், கடும் நோயில் இருப்பவர்கள் தவிர மற்ற எல்லோருக்கும். ஐவர்மெக்டின் அளவை எடைக்குப் பதில் உயரத்தை வைத்தே தீர்மானிக்கலாம் என்பதால், பணியாளர் கையில் தராசு வேண்டாம், அளவு குறித்த ஒரு கழி போதும். இன்னொரு லாபமும் உண்டு. ஐவர்மெக்டின் சொறி சிரங்கைத் தரும் உண்ணியையும் கொல்லும். ஃபிஜியில் ஊர்முழுக்க அதைக் கொடுத்தபோது சிரங்கு 94 சதவீதம் குறைந்தது.

நிலப்படத்தின் தொல்லை மூன்று மருந்தோடு முடியவில்லை. கேமரூன் போன்ற மத்திய ஆப்பிரிக்க நாடுகளில் லோவா லோவா என்ற கண்புழு உண்டு. வெள்ளை விழியின் குறுக்கே ஊர்ந்து போவதைக் கண்ணாடியில் தானே பார்க்கும் நோயாளிகள் உண்டு. அதன் குஞ்சுகள் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 30,000-ஐத் தாண்டியிருக்கும் ஆளுக்கு ஐவர்மெக்டின் கொடுத்தால் மூளை பாதித்து உயிரே போகலாம். யாருக்கு அத்தனை குஞ்சு என்று காட்டுக்குள் வைத்து எப்படி எண்ணுவது? கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பொறியாளர்கள் கைப்பேசியின் கேமராவை நுண்ணோக்கியாக்கினார்கள். விரல்நுனி ரத்தத்தைச் சிறு கண்ணாடிக் குழாயில் ஏற்றிச் செருகினால், கைப்பேசி புழுவைத் தேடுவதில்லை. புழு நெளிவதால் சிவப்பணுக்கள் தள்ளாடுவதை வீடியோவில் பிடித்து எண்ணிக்கை சொல்கிறது. இரண்டு, மூன்று நிமிட வேலை. 2017-ல் வெளியான கேமரூன் ஆய்வில், மருந்து தரக் கூடாத அளவுக்குக் கண்புழு இருந்தவர்கள் சுமார் 2 சதவீதம் பேர்தான். அவர்களை விலக்கிவிட்டு மற்றவர்களுக்கு அச்சமின்றிக் கொடுத்தார்கள்.

கூட்டு மருந்தின் பலன் யானைக்கால் புழுவோடு நிற்கவில்லை. குடலில் வாழும் சாட்டைப்புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். உருண்டைப்புழுவை ஒரே வேளையில் விரட்டும் அல்பென்டசோல், இதனிடம் தோற்றுப்போகும். மெலிந்த முன்பாதியைக் குடல் சுவருக்குள் தைத்தாற்போல் செருகிக்கொண்டு வாழ்வது சாட்டைப்புழு. ஒரு வேளை மாத்திரையில் மூன்றில் ஒருவருக்குக் குணமானாலே அதிகம். ஐவர்மெக்டினையும் சேர்த்தால்? லாவோஸ், தான்சானியாவின் பெம்பா தீவு, ஐவரி கோஸ்ட் ஆகிய மூன்று இடங்களில் சோதித்தார்கள். லாவோஸில் குணமானவர்கள் 8 சதவீதத்திலிருந்து 66 ஆனார்கள். பெம்பாவில் 6-லிருந்து 49. ஐவரி கோஸ்டில் 10-லிருந்து வெறும் 14.

அதே மாத்திரை, அதே அளவு, மூன்றாவது இடத்தில் மட்டும் ஏன் இப்படி? ஆய்வு சரியாக நடக்கவில்லையோ என்று சந்தேகப்படுவதுதான் இயல்பு. ஐவரி கோஸ்டில் நோயாளிகள் வெளியேற்றிய புழுக்களைச் சேகரித்து மரபணுவைப் படித்தபோதுதான் விடை கிடைத்தது. அது உலகம் அறிந்த சாட்டைப்புழுவே அல்ல. முட்டை ஒரே மாதிரி, நுண்ணோக்கியில் பார்க்க வித்தியாசமே இல்லை. ஆனால் வேறு இனம். அடையாளம் தெரியாமல் இருந்ததற்குப் பொருத்தமாக டிரைக்கியூரிஸ் இன்காக்னிட்டா என்று பெயர் வைத்தார்கள். மருந்து தோற்றதால் ஒரு புதிய உயிரினம் அகப்பட்டது.

பிற இடங்களுக்கு நல்ல சேதி இருக்கிறது. ஐவர்மெக்டினையும் அல்பென்டசோலையும் ஒரே மாத்திரையாக்கி, வாயில் கரையும்படி, குழந்தைகளுக்காக மாம்பழச் சுவையில் செய்திருக்கிறார்கள். எத்தியோப்பியா, கென்யா, மொசாம்பிக் நாடுகளில் நடந்த சோதனையில், சாட்டைப்புழு குணமானவர்கள் அல்பென்டசோல் மட்டும் தின்றவர்களில் 36 சதவீதம். இந்தக் கூட்டு மாத்திரையை ஒரே ஒருமுறை தின்றவர்களில் 83. மூன்று நாள் தொடர்ந்து தின்றவர்களில் 97. ஐரோப்பிய மருந்து முகமை 2025 ஜனவரியில் இதற்குச் சாதகமான பரிந்துரை தந்தது.

மருந்துகளைச் சேர்த்துத் தர இன்னொரு நியாயம் இருக்கிறது. அதை மனிதர்களுக்கு முன் ஆட்டு மந்தைகள் கற்றுத்தந்தன. அல்பென்டசோலின் மூத்த உறவான தயபென்டசோல் 1961-ல் செம்மறிகளுக்கு வந்தது. ஆட்டின் வயிற்றில் ரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் புழு மூன்றே ஆண்டில் அதற்கு எதிர்ப்பைக் காட்டியது. சாரத்துக்கான புரதத்தில் ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும், மருந்து ஒட்டாது. மருந்துக்குத் தப்பிய புழு மட்டுமே இனம்பெருக்கும். பத்தாவது தலைமுறையில் மந்தை முழுக்க அதன் வாரிசுகள். இதற்கு மாற்றாக ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வேறு வேறு வகை மருந்துகளை ஒன்றாகவே ஊற்றுகிறார்கள். கணக்கு எளிது. ஒரு மருந்துக்குத் தப்பும் புழு ஆயிரத்தில் ஒன்று என்றும், இன்னொன்றுக்குத் தப்புவதும் ஆயிரத்தில் ஒன்று என்றும் வைத்துக்கொண்டால், இரண்டுக்கும் ஒருங்கே தப்புவது பத்து லட்சத்தில் ஒன்று. ஆனால் இரண்டில் ஒன்று ஏற்கெனவே தோற்றுப்போயிருந்தால் இந்தக் கணக்குப் பலிக்காது. எதிர்ப்பு வருவதற்கு முன்னால் சேர்க்க வேண்டும். வந்த பிறகு சேர்ப்பது நல்ல மருந்தையும் தோற்கக் கொடுப்பதாகும். மனிதர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை அல்பென்டசோலை மட்டும் கோடிக்கணக்கில் கொடுத்துவரும் நாடுகள் ஆட்டுக்காரர்களின் அனுபவத்தைக் கவனிப்பது நல்லது.

இதுவரை மாத்திரைகளின் கூட்டணியைப் பற்றியே பேசினோம். திருக்கோவிலூர்ப் பகுதியில் 1990-களிலும் அதற்குப் பிறகும் மதுரையிலிருந்த மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தார் நடத்திய வேலை வேறொரு கூட்டாளியைக் காட்டியது. டி.இ.சி.யையும் ஐவர்மெக்டினையும் சேர்த்து ஆண்டுக்கு ஒருமுறை அங்கே அப்போதே கொடுத்துப் பார்த்தார்கள். சில கிராமங்களில் மாத்திரை மட்டும். சில கிராமங்களில் மாத்திரையோடு கொசு ஒழிப்பும். கொசு ஒழிப்பென்றால் புகை அடிப்பதல்ல. கழிவுநீர்க் குழிகளின் மேல் தெர்மோகோல் மணிகளை ஒரு கனமான அடுக்காகக் கொட்டினார்கள். தண்ணீரின் மேல் மிதக்கும் அந்த வெள்ளை மெத்தைக்கு அடியில் இருக்கும் கொசுப்புழு மூச்சுவிட மேலே வர முடியாது. தாய்க்கொசு முட்டையிடத் தண்ணீரைத் தொட முடியாது. கிணறுகளில் கொசுப்புழு தின்னும் மீன்களை விட்டார்கள். மருந்து நிறுத்திய பிறகு, மாத்திரையை மட்டும் நம்பிய ஊர்களில் பரவல் மறுபடி தலைகாட்டியது. கொசுவையும் சேர்த்துக் கவனித்த ஊர்களில் பலன் நிலைத்தது. விலை குறைந்த, உள்ளூரிலேயே கிடைக்கும் இந்த வழியை நாடு முழுக்கப் பரப்பாதது நம் பொதுச் சுகாதாரத்தின் தவறவிட்ட வாய்ப்புகளில் ஒன்று என்றே நினைக்கிறேன்.

இந்த மாத்திரைகள் வீங்கிய காலைப் பழைய நிலைக்குக் கொண்டுவராது. அதை எதிர்பார்த்து ஏமாறுபவர்கள் நிறைய. காலைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, விரலிடுக்குப் புண்களுக்கு மருந்திட்டு, படுக்கும்போது உயர்த்தி வைத்தால் அடிக்கடி வரும் குளிர்காய்ச்சலும் வீக்கம் கூடுவதும் குறையும். விரைவீக்கத்துக்கு அறுவை சிகிச்சை உண்டு, நன்றாகவே குணமாகும். மாத்திரை, அடுத்த தலைமுறைக்கு அந்தக் கால் வராமல் தடுப்பதற்கு.

இந்தியா 2027-க்குள் இந்த நோயை ஒழிப்பதாக இலக்கு வைத்திருக்கிறது. மருந்துகள் சரியானவை, இலவசமானவை. கோட்டை விடுவது பெரும்பாலும் கைக்கும் வாய்க்கும் இடையில்: வாங்கிய மாத்திரை அலமாரிக்குப் போகிறது, புள்ளிவிவரத்தில் அது விழுங்கியதாகப் பதிவாகிறது, தின்னாத அந்த ஒருவரின் ரத்தத்தில் இருந்து கொசு மறுபடி ஆரம்பிக்கிறது. அதனால்தான் பணியாளர்கள் எதிரில் நின்று, தண்ணீரையும் நீட்டி, "இப்பவே போடுங்க" என்கிறார்கள். உங்கள் வீட்டு வாசலுக்கோ, வேலை நிமித்தம் நீங்கள் தங்கியிருக்கும் வேறு மாநிலத்து ஊருக்கோ அவர்கள் வந்தால், வெறும் வயிற்றில் வேண்டாம், சாப்பிட்டுவிட்டு அவர்கள் முன்னாலேயே விழுங்குங்கள். இரவு நேரத்தில் கதவைத் தட்டி விரலை நீட்டச் சொன்னாலும் நீட்டிவிடுங்கள். வலி ஒரு நொடிதான்.